இருபத்து மூன்றாம் பொடி

அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது.

ஜெயசீலி பேச்சை நிறுத்தினாள். ஒரு தையல் முடியும்போது அந்த மெஷின் தேய்ந்து தேய்ந்துதான் நிற்கும். இப்படி நடுவில் நின்றால், அம்மா தனபாக்கியம் துணியை விட்டுவிட்டு இந்த அறைப் பேச்சுக்குக் காது கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

“மெதுவா பேசுக்கா,” என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த பிளெஸ்ஸி. “ஆன்ட்டி கேட்டுக்கினு இருக்காங்க.”

“கேக்கட்டும். என்னிக்கா இருந்தாலும் தெரியத்தானே போவுது.”

“ஒண்ணும் தெரிய வேணாம். வியாழக்கிழமை உனுக்கு வைவா. வெள்ளிக்கிழமைலேர்ந்து நீ டாக்டர் ஜெயசீலி. ஊருக்குத் தெரிய வேண்டியது அவ்ளோதான்.”

இருவருக்கும் நடுவே ஸ்டூலின் மேல் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி இருந்தது. அதனடியில் வெள்ளை வெளேரென்று கொஞ்சம் பொடி. பக்கத்தில் ஒரு தாள். தாளின் அடியில், பொடியைத் தயாரித்தவர் கையெழுத்திட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பிளெஸ்ஸி இன்னும் மூன்று வாரத்தில் ஜெர்மனிக்குப் போகிறாள். அங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. வரும்போது இருபத்து மூன்றாம் பொடியில் இரண்டு கிராம் கொண்டுவர வேண்டும், அது சுத்தமானது என்று செய்தவர் கையெழுத்திட்ட சான்றும் வேண்டும் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அந்தப் பொடியைச் செய்தவள் ஜெயசீலி. அவளுக்கு முன்னால் அதை உலகத்தில் யாரும் செய்ததில்லை.

“இந்தக் குப்பிய எடுத்துக்கினு போ. இது சுத்தம். இதுக்குன்னா இப்பவே கையெழுத்து போடறேன்.”

“இது வேலை செய்யாதுன்னு நீதானேக்கா சொல்ற.”

“செய்யாது.”

“அப்பறம் இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? பல்லு தேய்க்கறதா? மொதல் தரம் பண்ணினியே, அந்த மாதிரி பண்ணிக் குடு. கழுவாத. சுத்தம்னு எழுதி கையெழுத்து போடு.”

சொல்லிவிட்டு பிளெஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டாள். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. ஆனால் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெயசீலிக்கு முப்பத்தேழு வயது. அப்பா சுந்தர்ராஜ் சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் பாய்லர் பார்த்தவர். அவர் இறந்தபோது அவள் எம்.எஸ்ஸி. கடைசி வருடத்தில் இருந்தாள். படிப்பு முடிந்ததும் அதே ஃபாக்டரியில் கூழின் சர்க்கரையும் புளிப்பும் சோதிக்கும் வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். சீசன் மூன்று மாதம். மிச்ச ஒன்பது மாதம் வீட்டில். அவள் மாட்டேன் என்று சொல்லி, சில வருடம் டியூஷன் எடுத்துவிட்டு, திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். அது ஒன்பது வருடத்துக்கு முன்பு.

காலை ஆறு இருபது பஸ்ஸில் சித்தூரில் ஏறினால் புத்தலப்பட்டு தாண்டும்போது வெயில் ஜன்னலுக்கு வரும். திருப்பதியில் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் மொட்டை போடப் போவார்கள். இவள் கெமிஸ்ட்ரி கட்டடத்துக்குப் போவாள். கல்யாணம் எப்போது என்று சர்ச் சபையில் கேட்டால், தீசிஸ் முடியட்டும் என்பாள். கண்ணாடி மாற்றணும், பல் வலிக்கிறது, வீடு ஒழுகுகிறது, எல்லாவற்றுக்கும் தீசிஸ் முடியட்டும். வேலூரிலிருந்து ஒருவர் இரண்டு வருடம் காத்திருந்து பார்த்துவிட்டு, மரியாதையாக ஒரு கல்யாணப் பத்திரிகை அனுப்பிவைத்தார். அதில் மணமகள் பெயர் வேறு.

அவள் எடுத்துக்கொண்ட வியாதி கருங்காய்ச்சல். நம் பக்கத்தில் இல்லை. பீகாரில் ஏழை ஜனங்களுக்கு வருவது. மண் சுவர் வெடிப்பில் இருக்கும் ஒரு பொடி ஈ கடிக்கிறது. அதன் வழியாக உடம்புக்குள் ஓர் ஒட்டுண்ணி நுழைகிறது. கிருமியைப் பிடித்து விழுங்குவதற்கென்றே ரத்தத்தில் காவல்கார செல்கள் இருக்கின்றன அல்லவா, அவை இதையும் விழுங்குகின்றன. ஆனால் இந்த ஒட்டுண்ணி அங்கே சாவதில்லை. விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியேறி, அதற்குள்ளேயே குட்டி போட்டுப் பெருகுகிறது. காவல்காரனின் வயிற்றிலேயே திருடன் குடித்தனம் நடத்தினால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? வயிற்றில் மண்ணீரல் வீங்குகிறது. மருந்து இல்லாவிட்டால் ஆள் போய்விடுவான்.

அந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் பொருளை ஜெயசீலி மேல்தளத்தில் குடுவையில் செய்வாள். கீழ்த்தளத்தில் பிளெஸ்ஸி அதை ஒட்டுண்ணி குடியேறிய செல்களின் மேல் விட்டு, எது செத்தது, எது பிழைத்தது என்று எண்ணுவாள். பிளெஸ்ஸி ஆறு வயது சின்னவள். அதே சித்தூர் சபைப் பெண். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருவரும் ஒரே பெஞ்சு. திங்கட்கிழமை ஒரே பஸ்.

முதல் இருபத்திரண்டு பொடிகளும் ஒன்றையும் கொல்லவில்லை.

இருபத்து மூன்றாவதைச் செய்த நாள் ஜெயசீலிக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஐந்து வருடத்துக்கு முன், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அந்த லேபில் பூஜையன்று தராசிலிருந்து பம்பு வரை எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்து, மாலை போட்டு, யாரும் தொடாமல் வைத்துவிடுவார்கள். அதற்காக முந்தின நாள் மத்தியானத்துக்குள் எல்லா மேஜையும் காலியாக வேண்டும். லேப் அட்டெண்டர் சண்முகம் காலையிலிருந்தே துடைப்பத்தோடு சுற்றி வந்தார்.

“மேடம், மெஷினுக்கும் வருஷத்துல ஒரு நாள் லீவு வேணும். பன்னெண்டு மணிக்கு நான் கரென்ட் ஆஃப் பண்ணிடுவேன். அப்பறம் சண்முகம் சொல்லலன்னு சொல்லக் கூடாது.”

அந்தப் பொடியைச் செய்ய இரண்டு துண்டு மூலப்பொருள்களை ஒன்றோடொன்று கோக்க வேண்டும். கோப்பதற்குக் கொஞ்சம் செம்பு உப்பு போடுவார்கள். கோத்து முடிந்ததும் செம்புக்கு அங்கே வேலை இல்லை. அமோனியாத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது நீலமாக இறங்கி வெளியே போகும். கழுவுகிற தண்ணீரில் நீலமே இல்லாமல் வரும்வரை கழுவ வேண்டும். மூன்று தடவை, சில சமயம் நாலு தடவை. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் ஆகும்.

அன்றைக்கு மணி பதினொன்றே கால். ஒரு தடவை கழுவினாள். சண்முகம் பக்கத்து மேஜையில் வாழைக்கன்று கட்ட ஆரம்பித்துவிட்டார். அவள் பொடியைக் காயவைத்துக் குப்பியில் போட்டு மூடினாள். நோட்டில், முந்தின இருபத்திரண்டு பக்கங்களில் எழுதியதையே எழுதினாள்: நிறம், வெள்ளை.

பூஜை விடுமுறை முடிந்து பிளெஸ்ஸி அந்தக் குப்பியைத் திறந்தாள். நான்காம் நாள் மாடிப்படியில் அவள் ஓடி வந்த சத்தம் கட்டடம் முழுவதும் கேட்டது. ஒட்டுண்ணிகள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு செத்திருந்தன. செல்கள் பிழைத்திருந்தன. கைடு நாகபூஷணம் சார் எழுந்து நின்று கைதட்டினார். அம்மவாரு செய்த அருள் என்று அவர் தெலுங்கில் சொல்ல, இரண்டு கிறிஸ்தவப் பெண்களும் சிரித்துக்கொண்டே சுண்டல் வாங்கித் தின்றார்கள்.

பேப்பர் வெளிவந்தது. அதை வைத்து பிளெஸ்ஸி டாக்டர் பட்டம் வாங்கினாள். ஜெர்ரியைக் கல்யாணம் செய்துகொண்டு பக்கத்து ஊருக்குப் போனாள். ஜெயசீலியின் தீசிஸுக்கு இன்னும் பத்துப் பொடிகள் தேவைப்பட்டன. அவள் குடுவையோடு இருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு மெயில் வந்தது. பீகாரில் ஏதோ ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பெண். ‘மேடம், உங்கள் பேப்பரில் சொன்னபடியே இருபத்து மூன்றாம் பொருளை நான்கு முறை செய்தேன். ஒரு முறைகூட வேலை செய்யவில்லை. எனக்குக் கை சுத்தம் போதாது என்கிறார் என் கைடு. அடுத்த மார்ச்சோடு என் உதவித்தொகை நின்றுவிடும். நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.’

சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் ஜெயசீலி அதை மறுபடி செய்தாள். நான்கு முறை, நிதானமாக, நீலம் போகும்வரை கழுவி. கீழ்த்தளத்தில் இப்போது வேலை செய்யும் மாணவி ஒவ்வொரு முறையும் வந்து உதட்டைப் பிதுக்கினாள். அப்போதுதான் ஜெயசீலிக்கு அந்த வாழைக்கன்று ஞாபகம் வந்தது. ஐந்தாம் முறை, ஒரே தடவை கழுவிக் கொடுத்தாள். கூடவே வெறும் செம்பு உப்பை மட்டும் கரைத்து, பெயர் எழுதாமல் இன்னொரு குப்பியில் கொடுத்தாள். இரண்டிலும் ஒட்டுண்ணிகள் செத்தன.

ஐந்து வருடமாக எல்லாரும் கொண்டாடிய மருந்து, கழுவாமல் விட்ட செம்பு. செம்பைக் குடுவையில் ஊற்றினால் எந்தக் கிருமிதான் சாகாது? மனுஷனுக்கு அவ்வளவு செம்பைக் கொடுத்தால் அவனும்தான் பிழைக்க மாட்டான்.

நாகபூஷணம் சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். “மொதல்ல வைவா அயிபோனிம்மா, முடியட்டும். அப்பறம் பாக்கலாம். நான் மார்ச்ல ரிடையர். உன் பிஎச்.டி. பீரியடும் ஓவர். இப்ப தீசிஸ வாபஸ் வாங்கினா இன்னொரு கைடு ஒத்துக்குவாங்களா? ஒன்பது வருஷம் சூன்யம்.” அவர் மிரட்டவில்லை. இருப்பதைச் சொன்னார். கத்தியிருந்தால் எதிர்த்துக் கத்தியிருக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு எழுத வேண்டிய பதிலை ஜெயசீலி எழுதிவிட்டாள். பத்தொன்பது நாளாக அது ஃபோனில் அனுப்பாமல் கிடக்கிறது.

இப்போது பிளெஸ்ஸியிடம் அதையெல்லாம் சொல்லி முடித்திருந்தாள். பிளெஸ்ஸி அழவில்லை. “அன்னிக்குப் பண்ணின மாதிரியே பண்ணு” என்ற ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தனபாக்கியம் இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். கழுத்தில் இன்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

“குடிச்சிட்டு சண்டை போடுங்க. ஆறிப்போனா அதுக்கு வேற நான் வரணும்.”

“ஆன்ட்டி, நீங்களாச்சும் சொல்லுங்க,” என்று பிளெஸ்ஸி அவள் கையைப் பிடித்தாள். “ஞாயித்துக்கிழமை சபைல அக்காவுக்காக நன்றி ஆராதனைன்னு பாஸ்டர் ஐயர் அறிவிச்சிட்டாரு. நீங்களே பத்து வீட்டுக்குச் சொல்லியாச்சு. இப்ப போயி இது பொய்யின்னு சொன்னா?”

தனபாக்கியம் உட்கார்ந்தாள். வைவாவுக்கென்று மகளுக்குத் தைத்த ரவிக்கை உள்ளே இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தது. ஒன்பது வருடமாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு ஊர் ரவிக்கை தைத்தவள். அவள் மகளைப் பார்த்துக் கேட்டாள்:

“கையெழுத்து போட்டா யாருனா சாவாங்களாடி?”

“மாட்டாங்கம்மா. எலிக்குக் குடுப்பாங்க. எலி தேறாது. ஏன் தேறலன்னு அங்க ரெண்டு மூணு பேர் வருஷக்கணக்கா தேடுவாங்க.”

“அவ்ளோதானே. தேடட்டுமே. அவங்களுக்கு சம்பளம் வருது இல்ல?”

“பீகார்ல ஒரு பொண்ணு தேடிக்கினு இருக்காம்மா. அவளுக்கு மார்ச்சோட அதுவும் நிக்குது. உனுக்குக் கை சுத்தம் இல்லன்னு அவள திட்டறாங்க. கை சுத்தம் இல்லாதது நான்.”

தனபாக்கியம் கழுத்திலிருந்த டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். போட்டுடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. அம்மா கெஞ்சியிருந்தால்கூடக் கையெழுத்திட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

பிளெஸ்ஸி காபியைத் தொடாமல் டம்ளரைத் தள்ளி வைத்தாள். குரல் மாறியிருந்தது.

“சரிக்கா. நீ பெரிய யோக்கியமாவே இரு. ஆனா ஒண்ணு யோசிச்சுக்கோ. கேள்வின்னு வந்தா உன் நோட்டதான் கேப்பாங்க. வெள்ளைன்னு நீ எழுதினது அதுல இருக்குது. அன்னிக்கு அது நெஜமாவே வெள்ளையா இருந்ததான்னு கேப்பாங்க. நான் தெரியாம டெஸ்ட் பண்ணினவ. நீ எழுதினவ. மாட்டறது நீதான்.”

ஐந்து வருடமாக எந்தக் கேள்வியை ஜெயசீலி தனக்குள் கேட்டுக்கொள்ளாமல் தாண்டி வந்தாளோ, அதைக் கேட்டுவிட்டாள் அவள். காபி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. தெருவில் கேஸ் சிலிண்டர்க்காரன் தட்டிக்கொண்டு போனான்.

“வெள்ளையா இல்ல,” என்றாள் ஜெயசீலி.

“இன்னா?”

“வெளிர்பச்சையா இருந்திச்சு. நான் பாத்தேன் பிளெஸ்ஸி. காயவெச்சு எடுத்தப்பவே பாத்தேன். செம்பு போவலன்னு தெரிஞ்சுது. இதுவும் இருபத்திரண்டு மாதிரி வேலைக்கு ஆவாதது, இதுக்கு எதுக்கு இன்னும் ஒன்ற மணி நேரம்னு நெனச்சேன். வெள்ளைன்னு எழுதினேன். அப்பறம் நீ படியேறி ஓடியாந்த. உன் மூஞ்சியப் பாத்தப்பறம் எனுக்குச் சொல்ல வாய் வரல. நாளாக நாளாக, பாக்கவே இல்லன்னு நானே நம்பிட்டேன்.”

தனபாக்கியம் கழுத்து டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பிளெஸ்ஸியின் முகத்திலிருந்து கோபம் மெல்ல வடிந்தது. அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

“நானும் பாத்தேன்,” என்றாள்.

“எப்போ?”

“குப்பியத் தொறந்தப்ப. மத்ததெல்லாம் வெள்ளை, இது மட்டும் பச்சையா இருக்குதேன்னு பாத்தேன். அக்கா பண்ணினது, அக்காவுக்குத் தெரியாததா, நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்.”

இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மற்றவளை நம்பினாள். மற்றவள் இவளுடைய சந்தோஷத்தைக் கலைக்கப் பயந்தாள். அப்படித்தான் ஐந்து வருடம் அந்தப் பொடி மருந்தாக வாழ்ந்தது. கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். அவ்வளவு நெருக்கமானவர்கள்தான். ஆனால் நடுவே அந்தத் தாள் கிடந்தது.

ஜெயசீலி தாளை எடுத்து முழங்காலில் வைத்து எழுதினாள். ஒரே தடவை கழுவிய ஐந்தாம் முறைப் பொடியைப் பற்றி, உள்ளது உள்ளபடி. நிறம்: வெளிர்பச்சை. கலப்பு: செம்பு உள்ளது. ஒட்டுண்ணியைக் கொல்வது இந்தச் செம்பே. கீழே கையெழுத்தும் தேதியும்.

“இதோட எடுத்துக்கினு போறதுன்னா, அந்தக் குப்பியும் தரேன். லேப்ல இருக்குது.”

பிளெஸ்ஸி படித்தாள். நிதானமாக இரண்டாகக் கிழித்தாள், பிறகு நாலாக. அந்த வீட்டுத் தரையில் குப்பை போடக் கூடாது என்பது போலத் துண்டுகளைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“இன்னொண்ணு பிரின்ட் எடுத்தாறேன். சாயங்காலம் வரைக்கும் யோசிக்கா.”

சாயங்காலம் வரை யோசித்தால் என்ன ஆகும் என்று ஜெயசீலிக்குத் தெரிந்திருந்தது. பத்தொன்பது நாள் யோசித்தவள் அவள். அலமாரியில் இருந்த ஃபோனை எடுத்தாள். அந்தப் பதிலைத் திறந்து ஒரு முறை படித்தாள். ‘தப்பு உங்களுடையது அல்ல, என்னுடையது’ என்று தொடங்கியிருந்தது. மேலே நாகபூஷணம் சாரின் முகவரியையும், பேப்பர் வெளியிட்ட பத்திரிகையின் முகவரியையும் சேர்த்தாள். இதற்குப் பிறகு வியாழக்கிழமை இல்லை. டாக்டர் ஜெயசீலி இல்லை. இருப்பது முப்பத்தேழு வயதும், மே மாதத்தில் திறக்கும் கூழ் ஃபாக்டரியும், இந்த இரண்டு அறைகளும்தான்.

அழுத்தினாள்.

“அனுப்பிட்டேன்.”

பிளெஸ்ஸி எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சுவரில் இடித்தது.

“ஜெர்ரி வேலைய விட்டுட்டாருக்கா,” என்றாள். “போன வாரம். ஜெர்மனிக்குன்னு.”

மன்னிப்பு என்ற சொல் ஜெயசீலியின் வாய் வரை வந்தது. அதைக் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயத்துக்கு அவளைத் தள்ளுவோம் என்று தோன்றி விழுங்கிக்கொண்டாள்.

“இரும்மா, வெயில் இறங்கட்டும். ஒரு வாய் துன்னுட்டுப் போ,” என்றாள் தனபாக்கியம்.

“இல்ல ஆன்ட்டி. பஸ் இருக்குது.”

வாசலில் குனிந்து செருப்பின் வாரை மாட்டினாள். ஒரு தடவையில் மாட்டவில்லை; இரண்டாம் தடவை மாட்டியது. வழக்கமாக, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாயேன் அக்கா என்று இழுப்பவள், இன்றைக்குத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். தெருமுனை திரும்பும்வரை ஜெயசீலி நிலைப்படியில் நின்றாள். எதிர் வீட்டுக்காரி மாடியிலிருந்து, “டாக்டரம்மா, வியாழக்கிழமைதானே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“உள்ள வாடி,” என்றாள் அம்மா.

ஜெயசீலி உள்ளே வந்தாள். தனபாக்கியம் கதவைச் சாத்தினாள்.